மருந்து உடைத்ததா, குளிர் உடைத்ததா: ஒரு ஃபிக்ஸேஷன் பிழையின் நிகழ்வு ஆய்வு

யூ2ஓஎஸ் என்னும் மனித எலும்புப் புற்றுச் செல்கள், அவை வளர 12 மி.மீ. வட்டக் கவர்ஸ்லிப்புகள் (மெல்லிய கண்ணாடிச் சில்லுகள்), 24 குழித் தட்டு. முதல் ஆறு குழிகளில் ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத கரைப்பான் டிஎம்எஸ்ஓ மட்டும். அடுத்த ஆறில் சோதனைச் சேர்மம், அதாவது மருந்து, 4 மணி நேரம். பிறகு ஃபிக்ஸ் செய்து, அதாவது செல்லை இருந்த நிலையிலேயே உறுதியாக்கி, மூன்று குறிகள் இட்டார்கள்: நுண்குழல்களுக்கு டிஎம்1ஏ என்னும் ஆல்ஃபா டியூபுலின் ஆன்டிபாடி, மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுக்கு டாம்20 ஆன்டிபாடி, ஆக்டின் இழைகளுக்கு ஃபாலாய்டின் என்னும் குறி. உட்கருவுக்கு வழக்கமான டேபி சாயம்.

டிஎம்எஸ்ஓ வரிசையில் நுண்குழல்கள் ஓரளவு நீண்டு தெரிந்தன. சேர்மம் இட்ட வரிசையில், நுண்குழல்கள் கிளம்பும் மையமான சென்ட்ரோசோமைச் சுற்றிச் சில குட்டைத் துண்டுகளும், செல் முழுக்கப் பரவிய மங்கலான பனிமூட்டமும்தான் மிச்சம். மைட்டோகாண்ட்ரியா நூலாக இல்லாமல் மணிமணியாகக் கிடந்தது. மூன்று முறை செய்தும் போக்கு மாறவில்லை. சேர்மம் நுண்குழலை உடைக்கிறது என்று எழுதிவிடலாம் போலத்தான் இருந்தது.

இரண்டு விஷயங்கள் மட்டும் இடறின. ஒன்று, டிஎம்எஸ்ஓ வரிசைக்குள்ளேயே கவர்ஸ்லிப்புக்குக் கவர்ஸ்லிப் தரம் மாறியது. அதற்கு ஆன்டிபாடியின் மேல் பழி விழுந்தது. புதுக் குப்பி வாங்கியும் அதே கதை. இரண்டாவது, ஃபாலாய்டின் பன்னிரண்டிலும் பளிச்சென்று விழுந்தது. ஆக்டின் நன்றாக இருந்தால் ஃபிக்ஸேஷனும் நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. இந்த நிகழ்வில் எல்லோரையும் திசைதிருப்பியது அந்த எண்ணம்தான்.

வரிசை சொன்ன சேதி

படங்களை மருந்து உண்டா இல்லையா என்று பிரித்து அடுக்காமல், கவர்ஸ்லிப்பை ஃபிக்ஸ் செய்த வரிசையில் 1 முதல் 12 வரை அடுக்கியதும் விஷயம் வெளிவந்தது. முதல் கவர்ஸ்லிப்பில் நுண்குழல் நன்று, ஆறாவதில் சுமார், ஏழாவது ஆறாவதிலிருந்து பெரிதாக மாறவில்லை, பன்னிரண்டாவதில் படுமோசம். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே, அதாவது மருந்து தொடங்கும் இடத்தில், எந்த முறிவும் இல்லை. சீரான ஒரு சரிவு மட்டுமே இருந்தது.

செய்முறையைப் பார்த்தால் காரணம் புரியும். தட்டைப் பனிக்கட்டியின் மேல் வைத்து, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பிபிஎஸ் என்னும் உப்பு பஃபர் கொண்டு மூன்று முறை கழுவினார்கள். அதன் பின் கவர்ஸ்லிப்புகளை ஒவ்வொன்றாகச் சாமணத்தால் தூக்கி, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு (பிஎஃப்ஏ) இருந்த வேறொரு தட்டில் இறக்கினார்கள். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும், கடைசிக் கவர்ஸ்லிப் முதலாவதைவிடப் பத்து நிமிடத்துக்கு மேல் அதிகமாக 4 °செ. குளிரில் கிடந்திருக்கிறது. எப்போதும் டிஎம்எஸ்ஓ முதலில், மருந்து பின்னால். ஆகவே காத்திருந்த நேரமும் மருந்தும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன.

பனிக்கட்டிப் பழக்கம், புரதத்தை இனங்காணும் வெஸ்டர்ன் பிளாட்டுக்குச் செல்லை உடைக்கும் வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டது. அங்கே புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதிகளை அடக்கக் குளிர் தேவை. உயிருள்ள செல்லின் நுண்குழலுக்கு அதே குளிர் எமன். 37 °செ. வெப்பத்தில் டியூபுலின் அலகுகள் சேர்வதும் பிரிவதுமாக இருக்கின்றன. குளிரில் பிரிவது மேலோங்கி, நிமிடங்களில் குழல்கள் கரைகின்றன. அசிட்டைல் ஏறிய நிலைத்த குழல்களும் சென்ட்ரோசோமை ஒட்டிய குட்டைகளும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். படத்தில் மிஞ்சியவை அவைதான். பிரிந்த டியூபுலின் எங்கும் போய்விடவில்லை. செல்லுக்குள் மிதக்கிறது, ஃபார்மால்டிஹைடு அதையும் பிடித்துவைக்கிறது, ஆன்டிபாடி அதிலும் ஒட்டுகிறது. அந்தப் பனிமூட்டம் ஆன்டிபாடியின் அழுக்கு அல்ல. ஆக்டின் இழைகளுக்கு இந்தச் சில நிமிடக் குளிரால் அப்படியொரு கேடு வராது. ஃபாலாய்டின் நன்றாக விழுந்ததன் ரகசியம் அவ்வளவுதான்.

பன்னிரண்டு கவர்ஸ்லிப்பில் ஒரு விசாரணை

குளிர் மட்டுமே குற்றவாளி என்று அங்கேயே முடித்திருந்தால் பாதி உண்மை விட்டுப்போயிருக்கும். ஏனென்றால் முதல் கவர்ஸ்லிப்பின் நுண்குழல்களும் முழுமையாக இல்லை. மைட்டோகாண்ட்ரியா எல்லாவற்றிலும் மணிமணியாகவே இருந்தது. எனவே மருந்தே இல்லாமல் ஒரு சிறு சோதனை வைக்கப்பட்டது. கழுவும் முறை மூன்று: கழுவாமல் நேரே, 37 °செ. பிபிஎஸ் ஒரு முறை, பனிக்கட்டிமேல் பிபிஎஸ் மூன்று முறை. ஃபிக்ஸ் செய்யும் திரவம், அதாவது நிலைநிறுத்தி, நான்கு: அலமாரியில் இருந்த அதே பழைய பிஎஃப்ஏ, பிபிஎஸ்ஸில் புதிதாகச் செய்த 4 சதவீத பிஎஃப்ஏ, −20 °செ. மெத்தனால், ஃபெம் என்னும் பஃபரில் பிஎஃப்ஏவும் 0.1 சதவீத குளூட்டரால்டிஹைடும் சேர்ந்த கலவை. மூன்று பெருக்கல் நான்கு, பன்னிரண்டு கவர்ஸ்லிப்புகள். எந்தக் குழிக்கு எது என்பது சீட்டுக் குலுக்கி முடிவாயிற்று.

கழுவாமல் மெத்தனாலில் போட்டதில் நுண்குழல்கள் செல்லின் ஓரம்வரை அறுபடாமல் ஓடின. அத்துடன் ஆன்டிபாடிமேல் இருந்த வழக்கு தள்ளுபடி. பனிக்கட்டியில் கழுவியபின் அதே மெத்தனாலில் போட்டது துண்டுதுண்டாக வந்தது. நிலைநிறுத்தி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தன்னிடம் வந்து சேர்ந்ததைத்தானே அது காக்கும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: குளிர் நுண்குழலைக் கரைக்கும் என்றால் −20 °செ. மெத்தனால் எப்படிக் காப்பாற்றுகிறது? வேகம்தான் விடை. மெத்தனால் நீரை உறிஞ்சிப் புரதத்தை நொடிகளில் வீழ்படிவாக்கிவிடுகிறது. குழல் கரைய நேரமே கிடைப்பதில்லை. பனிக்கட்டிமேல் உள்ள பிபிஎஸ்ஸோ எதையும் பிடிக்காமல் நிமிடக்கணக்கில் குளிரை மட்டும் தருகிறது.

கழுவாமல் புதுப் பிஎஃப்ஏவில் போட்டது நடுத்தரம். குழல்கள் நீண்டிருந்தாலும் வளைந்து நெளிந்து, இடையிடையே புள்ளிபட்டிருந்தன. மைட்டோகாண்ட்ரியா ஓரளவு நூலாகத் தெரிந்தது. பழைய பிஎஃப்ஏவில் இரண்டுமே கெட்டிருந்தன. ஃபெம் கலவையில் நுண்குழலும் மைட்டோகாண்ட்ரியாவும் ஆக்டினும் ஒரே செல்லில் முழுதாக வந்தன. வெதுவெதுப்பான பிபிஎஸ் ஒரு முறை பட்டது நான்கிலும் சொல்லும்படி எதையும் மாற்றவில்லை.

பழைய குப்பியில் என்ன நடந்தது

பாராஃபார்மால்டிஹைடு என்பது பல அலகுகள் கோத்த ஒரு சங்கிலி. அதற்கு ஃபிக்ஸ் செய்யும் திறன் இல்லை. உடைந்து ஃபார்மால்டிஹைடு ஆனால்தான் வேலை. நீரில் அது பெரும்பாலும் மெத்திலீன் கிளைக்கால் வடிவில் இருக்கும், தனித்த ஆல்டிஹைடு மிகக் குறைவு. அதனால்தான் செல்லுக்குள் சட்டென்று நுழைந்தாலும் குறுக்குப்பிணைப்பு மெதுவாகவே நடக்கிறது. பத்து நிமிடம் போதும் என்று எல்லா நெறிமுறையிலும் எழுதியிருக்கும்; பிணைப்பு முழுமையடைய உண்மையில் மணிக்கணக்கு ஆகும். அந்த இடைவெளியில் செல் சும்மா இருப்பதில்லை. சவ்வுப் புரதங்கள் பிஎஃப்ஏவுக்குப் பிறகும் நகரக்கூடும் என்பது ஒற்றை மூலக்கூறுகளைப் பின்தொடர்ந்து பார்த்துக் காட்டப்பட்ட விஷயம்.

குப்பியில் வைத்த கரைசலால் மூன்று கேடு. ஃபார்மால்டிஹைடு மெல்ல ஃபார்மிக் அமிலமாகிப் பிஎச் இறங்கும். குளிரில் வைத்தால் மீண்டும் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு அடியில் வெண்படிவாக இறங்கும். 4 சதவீதம் என்ற ஒட்டுச்சீட்டு பொய்யாகிவிடும். மூன்றாவது, குளிர்பெட்டியிலிருந்து நேரே ஊற்றினால் அந்தக் குளிரே முதல் அடி. இந்த நிகழ்வில் குப்பிக்கு வயது இரண்டு மாதம். பிஎச் தாளில் நடுநிலைக்குக் கீழே அமிலப்பக்கம் காட்டியது. ஊற்றும்போது 4 °செ.

கடையில் கிடைக்கும் 37 சதவீத ஃபார்மலினை நீர்த்து 4 சதவீதம் ஆக்குவது இதற்கு மாற்று அல்ல. சங்கிலி கோக்காமல் இருக்க அதில் 10 முதல் 15 சதவீதம் மெத்தனால் சேர்த்திருப்பார்கள். நீர்த்தபின்னும் ஒரு சதவீதத்துக்கு மேல் மெத்தனால் மிஞ்சும். சவ்வு சார்ந்த நுண்மையான வேலைகளுக்கு அதுவே வம்பு. மெத்தனால் இல்லாத 16 சதவீத ஆம்பூல்களை உடைத்த நாளிலேயே பயன்படுத்துவது நிம்மதி. பொடியிலிருந்து செய்வதானால்: 4 கிராம் பொடி, 80 மி.லி. பிபிஎஸ், புகைபோக்கி அறைக்குள் 60 °செ. வரை சூடாக்கிக் கலக்கவும். பால்போல இருக்கும். 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச்சொட்டாக விட்டால் தெளியும். தெளிந்த உடனே நிறுத்த வேண்டும். 70 °செ. தாண்டவிடாதீர்கள். ஆறியபின் பிஎச் 7.4, மொத்தம் 100 மி.லி., வடிகட்டல். பகுதிகளாகப் பிரித்து −20 °செ. உறைபெட்டியில் வைக்கலாம், உருக்கியதை மறுபடி உறையவைக்கக் கூடாது.

டிரிஸ் பஃபரில் ஒருபோதும் ஃபிக்ஸ் செய்யாதீர்கள். டிரிஸ்ஸின் அமீன் தொகுதி ஆல்டிஹைடைத் தின்றுவிடும். கழுவும் நீரில் கிளைசீன் மிஞ்சினாலும் அதே கதை.

மெத்தனாலோடு ஏன் நிறுத்தவில்லை

நுண்குழல் மட்டும் போதுமென்றால் மெத்தனாலே போதும். கெடுபிடி குறைவு, தனியாகத் துளையிடவும் வேண்டாம். ஆனால் ஃபாலாய்டின் ஒட்டுவதற்கு ஆக்டின் இழையின் இயல்பான வடிவம் தேவை; மெத்தனால் அதைக் குலைத்துவிடும். கொழுப்பைக் கரைப்பதால் சவ்வு உறுப்புகள் சுருங்கும். ஜிஎஃப்பி என்னும் ஒளிரும் புரதத்தின் ஒளியும் பெரும்பாலும் அணைந்துவிடும். மூன்று குறிகளையும் ஒரே செல்லில் பார்க்க வேண்டும் என்பதே கேள்வியாக இருக்கும்போது, மெத்தனால் ஆன்டிபாடிக்கான ஒப்புமைக் கவர்ஸ்லிப்பாக மட்டும் இருக்கட்டும்.

குளூட்டரால்டிஹைடுக்கு இரண்டு முனையிலும் ஆல்டிஹைடு. பிணைப்பு வேகமும் உறுதியும் ஃபார்மால்டிஹைடுக்கு வராது. விலையாகத் தானே ஒளிரும், ஆன்டிபாடி ஒட்டும் இடமான எபிடோப்பையும் மூடும். 0.1 சதவீதம் என்பது இரண்டுக்கும் நடுவே ஒரு பேரம். டிஎம்1ஏ அதைத் தாங்கும். எல்லா ஆன்டிபாடியும் தாங்காது. புது ஆன்டிபாடி என்றால் 0, 0.05, 0.1 என்று மூன்று கவர்ஸ்லிப்பில் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

திருத்திய முறை

இரட்டைச் செறிவு ஃபெம், 500 மி.லி.க்கு: பைப்ஸ் 18.14 கிராம், ஹெப்பெஸ் 5.96 கிராம், ஈஜிடிஏ 3.80 கிராம், ஆறு நீர் கொண்ட மெக்னீசியம் குளோரைடு 0.41 கிராம். பைப்ஸ் அமிலநிலையில் கரையாமல் மணலாக நிற்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துப் பிஎச் ஏறினால்தான் கரையும். அவசரப்பட்டுச் சூடாக்க வேண்டாம். இறுதிப் பிஎச் 6.9. நீர்த்தபின் கிடைப்பது 60 மில்லிமோலார் பைப்ஸ், 25 ஹெப்பெஸ், 10 ஈஜிடிஏ, 2 மெக்னீசியம். ஈஜிடிஏவின் வேலை கால்சியத்தைப் பிடிப்பது. கால்சியமும் நுண்குழலைக் கரைக்கும், வளர்ப்பு ஊடகத்தில் அது தாராளமாக உண்டு.

நிலைநிறுத்தி 10 மி.லி.: இரட்டை ஃபெம் 5 மி.லி., 16 சதவீத ஃபார்மால்டிஹைடு 2.5 மி.லி., நீர் 2.46 மி.லி., 25 சதவீத குளூட்டரால்டிஹைடு 40 மைக்ரோலிட்டர். மூடி இறுக்கிய குழாயில் 37 °செ. நீர்த்தொட்டியில் வைக்கவும். தட்டைப் புகைபோக்கிக்குள் 37 °செ. சூட்டுக்கட்டையின்மேல் வைக்கவும், வெறும் மேசையில் வைத்தால் மெல்லிய தட்டு கணநேரத்தில் ஆறிவிடும்.

மூன்று மூன்று குழிகளாக: ஊடகத்தை உறிஞ்சு, உடனே சுவரோரமாக 0.5 மி.லி. நிலைநிறுத்தியை விடு. நடுவே கழுவல் கிடையாது. உறிஞ்சும்போது குழியை ஒட்டக் காயவிட்டால் கவர்ஸ்லிப்பின் நடுவில் செல்கள் தட்டையாகி, உட்கரு பெருத்து, டேபி மங்கித் தெரியும். நடு மோசம் ஓரம் நன்று என்றால் காய்ந்த குற்றம் என்று முடிவு செய்யலாம். கோளமாகத் திரண்ட பிரிவுநிலைச் செல்கள் மேலிருந்து ஊற்றினால் அடித்துக்கொண்டு போய்விடும். சுவரோரம் என்று வற்புறுத்துவது அதனால்தான்.

37 °செ.யில் 10 நிமிடம். பிறகு பிபிஎஸ், மூன்று முறை. இனி குளிரைப் பற்றிய பயம் இல்லை.

அடுத்து, மிஞ்சிய ஆல்டிஹைடை அடக்க, சோடியம் போரோஹைட்ரைடு, 10 மி.லி. பிபிஎஸ்ஸில் 10 மி.கி., 7 நிமிடம். ஊற்றுவதற்கு ஒரு நிமிடம் முன்பே கரைக்க வேண்டும். அரைமணிக்கு முன் கரைத்து வைத்தது வெறும் நீருக்குச் சமம். ஹைட்ரஜன் குமிழிகள் கவர்ஸ்லிப்பைத் தூக்கி மிதக்கவிடும். மிதந்த கவர்ஸ்லிப் கவிழ்ந்தால் எந்தப் பக்கம் செல் என்பதே தெரியாமல் போகும். சாமணத்தால் லேசாக அமுக்கிவிடுங்கள். குழாயை மூடிவைக்காதீர்கள், வெடித்துத் தெறிக்கும். குளூட்டரால்டிஹைடு சேர்க்காத வேலைக்கு இது தேவையில்லை; 50 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடு அல்லது 100 மில்லிமோலார் கிளைசீன், 10 நிமிடம் போதும்.

துளையிடல்: பிபிஎஸ்ஸில் 0.1 சதவீத ட்ரைட்டான் எக்ஸ்-100, 10 நிமிடம். சப்போனின் வேறு ஜாதி. அது போட்ட துளை கழுவினால் அடைபடும், ஆகவே ஆன்டிபாடி கரைசல் உட்பட எல்லாவற்றிலும் 0.1 சதவீதம் இருந்தாக வேண்டும். டிஜிட்டோனினை அளந்து போட்டால் செல்லின் வெளிச்சவ்வு திறந்து உட்கருச் சவ்வு மூடியே இருக்கும். உட்கருப் புரதம் தெரியவில்லை என்று ஆன்டிபாடியை மாற்றும் முன் இதை நினைவில் வையுங்கள். ஃபிக்ஸ் செய்யும் முன்னரே அரை நிமிடம் ட்ரைட்டான் கொடுத்து மிதக்கும் டியூபுலினை வெளியேற்றும் முறையும் உண்டு. பனிமூட்டம் அருமையாக நீங்கும், ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வும் சேர்ந்து பாழாகும். டாம்20 பார்க்கும் இந்த நிகழ்வுக்கு ஆகாது.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்க 3 சதவீத பிஎஸ்ஏ புரதம், அரைமணி. முதல் ஆன்டிபாடி இல்லாத ஒரு கவர்ஸ்லிப்பும், எந்தக் குறியும் இடாத ஒரு கவர்ஸ்லிப்பும் ஒவ்வொரு முறையும் வேண்டும். குளூட்டரால்டிஹைடின் ஒளிர்வு நீலத்திலும் பச்சையிலும் அதிகம், தொலைசிவப்பில் குறைவு. மங்கலான குறிக்குத் தொலைசிவப்பை ஒதுக்குங்கள். ஃபாலாய்டின்போல் பிரகாசமானது பச்சையில் சமாளித்துக்கொள்ளும்.

எபிடோப் மூடிக்கொண்டு ஒன்றும் தெரியாவிட்டால், துளையிட்டபின் பிபிஎஸ்ஸில் 1 சதவீத எஸ்டிஎஸ் 5 நிமிடம் கொடுத்து, நன்றாகக் கழுவிவிட்டுப் பார்க்கலாம். சில ஆன்டிபாடிகள் உயிர்த்தெழும். எஸ்டிஎஸ் மிஞ்சினால் அடுத்து வரும் ஆன்டிபாடியும் செத்துவிடும்.

ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. முதல் கழுவல் நீரும் கழிவுக்குப்பியில்தான் சேர வேண்டும், கழுவுதொட்டியில் அல்ல. நைட்ரைல் கையுறை கட்டாயம்.

செல் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தது

ஃபிக்ஸ் செய்த படம் எதுவும் தனக்குத்தானே சாட்சி சொல்ல முடியாது. மைட்டோகாண்ட்ரியாவை ஒளிரச்செய்யும் மைட்டோட்ராக்கர் சாயம் இட்ட உயிருள்ள செல்லை நுண்ணோக்கி மேடையில் 37 °செ.யில் வைத்து, பத்து நொடிக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே நிலைநிறுத்தியை ஊற்றிப் பார்ப்பதுதான் நேர்வழி. பழைய பிஎஃப்ஏ பட்ட செல்லில் மைட்டோகாண்ட்ரியா நூல்கள் கண்முன்னே உருண்டு மணிகளாயின. அலைமாற்று (ஃபேஸ் கான்ட்ராஸ்ட்) ஒளியில் செல் ஓரங்களில் கொப்புளங்கள் கிளம்பின. ஃபெம் கலவை பட்டதில் அசைவு நின்றது, வடிவம் அப்படியே நின்றது. சாயம் எதுவும் இல்லாவிட்டாலும், ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே செல்லை அலைமாற்று ஒளியில் ஒரு படம் எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. கொப்புளம் கண்ணில் பட்டால் அந்தத் தட்டைச் சாயமிடாமலே ஒதுக்கிவிடலாம், ஆன்டிபாடியாவது மிச்சம்.

மறுமுறை

புதிய முறையில், டிஎம்எஸ்ஓ குழிகளும் மருந்துக் குழிகளும் தட்டில் கலந்து, ஒவ்வொரு மூன்றிலும் இரண்டு வகையும் வரும்படி வைத்து மறுபடி செய்தார்கள். குழி எண்ணும் ஃபிக்ஸ் செய்த நேரமும் ஒரு தாளில் பதிவாயின. படம் எடுத்தவருக்கு எது எதுவென்று சொல்லவில்லை. நுண்குழலில் இருந்த வேறுபாடு மறைந்தது. இரண்டு வகைக் குழிகளிலும் குழல்கள் செல்லின் ஓரம்வரை ஓடின. மருந்து நுண்குழலை உடைக்கிறது என்ற வாக்கியம் வரைவிலிருந்து நீக்கப்பட்டது.

மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மருந்து பட்ட செல்களில் நூல்கள் குட்டையாகவே இருந்தன, முன்போல் மணிமணியாக இல்லை. ஃபிக்ஸ் செய்யாத உயிருள்ள செல்களிலும் அதே குட்டை நூல்கள் தெரிந்ததால், அந்த ஒரு வேறுபாட்டைத் தக்கவைத்துக்கொண்டார்கள். செய்முறைப் பகுதியில் "4 சதவீத பிஎஃப்ஏ, 10 நிமிடம்" என்று இருந்த ஒற்றை வரி, பஃபர், பிஎச், வெப்பநிலை, குளூட்டரால்டிஹைடின் அளவு, கழுவாமல் ஊற்றியது, குழிகளைக் கலந்து வைத்தது எல்லாம் சேர்ந்து ஏழு வரியாயிற்று.